விட்டு விட்டு எரியும் பேட்டரி விளக்கு: பழைய டீசல் காரில் பழுதைத் தேடுவது எப்படி?

ஜனவரி 8 (வாசகர் கேள்வி)

என்னிடம் முப்பது ஆண்டு பழைய டீசல் கார் ஒன்று உள்ளது. அதன் ஆல்டர்னேட்டரில் (எஞ்சின் சுழற்ற மின்சாரம் தரும் இயந்திரம்) இரண்டே இணைப்புகள்: பேட்டரிக்குப் போகும் தடித்த பி பிளஸ் கேபிள், பேட்டரி விளக்குக்குப் போகும் மெல்லிய டி பிளஸ் வயர். வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் உள்ளேயே இருக்கிறது. அரை மணி நேரம் ஓட்டிய பிறகு பேட்டரி விளக்கு சில நேரம் மங்கலாகவும் சில நேரம் பளிச்சென்றும் எரிகிறது. பிறகு தானாகவே அணைந்துவிடுகிறது. சில நாள் காலையில் ஸ்டார்ட்டர் முனகுகிறது. பேட்டரியை மாற்றிவிட்டேன். ஆல்டர்னேட்டரைக் கழற்றிச் சோதனை மேசையில் ஓட்டிப் பார்த்தவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். பட்டறையில் வண்டியில் பொருத்தி அளந்தபோது 14.2 வோல்ட் வந்தது. ஆல்டர்னேட்டரையே புதிதாக மாற்றிவிடுவதுதான் வழியா?

ஜனவரி 8, இரவு

மாற்ற வேண்டாம். பட்டறையில் கிடைத்த 14.2 வோல்ட் என்பது நின்றுகொண்டிருந்த வண்டியில், சூடேறாத எஞ்சினில், விளக்குகள் எதுவும் போடாமல் எடுத்த அளவு. உங்கள் பழுதோ ஓடும் வண்டியில், சூட்டில், சுமையோடு வருவது. பழுது இல்லாத வேளையில் அளந்து நன்றாக இருக்கிறது என்று சொல்வதில் தகவல் எதுவும் இல்லை. மருத்துவரைக் கண்டதும் பல்வலி மறைந்துவிடுவது போல இந்த வகைப் பழுது பட்டறை வாசலிலேயே ஒளிந்துகொள்ளும்.

முதலில் இரண்டு காரியங்கள் செய்யுங்கள். வண்டியைச் சில மணி நேரம் நிறுத்திவைத்த பிறகு பேட்டரி முனைகளில் நேரடியாக வோல்ட்டை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 12.6 அல்லது அதற்குச் சற்று மேல் என்றால் முழுச் சார்ஜ், 12.4 என்றால் ஏறத்தாழ முக்கால், 12.2 என்றால் பாதி. ஓட்டி நிறுத்திய உடனே அளந்தால் தகடுகளின் மேற்பரப்பில் தங்கியிருக்கும் சார்ஜ் எண்ணை உயர்த்திக் காட்டும், அதனால்தான் காத்திருக்கச் சொல்கிறேன். அடுத்ததாக, விளக்கு எரியும் ஒவ்வொரு முறையும் மங்கலா பளிச்சா, ஹெட்லைட் போட்டிருந்தீர்களா, வண்டி குலுங்கியதா என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள். மங்கலும் பளிச்சும் ஒரே நோயின் இரண்டு நிலைகள் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஜனவரி 9

அந்த விளக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. இது புரியாமல்தான் பாதி ஆல்டர்னேட்டர்கள் வீணாகக் கழற்றப்படுகின்றன.

பேட்டரி விளக்கு பேட்டரியின் நிலையைக் காட்டுவதில்லை. அதன் ஒரு முனை சாவி வழியாகப் பேட்டரியின் பிளஸ்ஸுக்குச் செல்கிறது. மறு முனை ஆல்டர்னேட்டரின் டி பிளஸ்ஸுக்குச் செல்கிறது. இரண்டு முனைகளுக்கும் இடையே வோல்ட் வேறுபாடு இருந்தால் எரியும். வேறுபாடு இல்லாவிட்டால் அணைந்துவிடும். அது காட்டுவது இவ்வளவுதான். சாவியைத் திருப்பியதும், எஞ்சின் ஓடாத நிலையில், மின்சாரம் விளக்கைக் கடந்து டி பிளஸ் வழியாக ரெகுலேட்டர், கார்பன் பிரஷ், உள்ளே சுழலும் ரோட்டார் சுருள் என்று போய் எர்த்தை, அதாவது வண்டியின் உலோக உடலைச் சேர்கிறது. விளக்கு எரிகிறது, அதே சிறு மின்னோட்டம் ரோட்டாரைக் காந்தமாக்கித் தொடக்கம் கொடுக்கிறது. எஞ்சின் ஓடி ஆல்டர்னேட்டர் மின்சாரம் தரத் தொடங்கியதும், உள்ளே இருக்கும், மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் மூன்று சிறிய டயோடுகள் டி பிளஸ்ஸைப் பேட்டரி வோல்ட்டுக்கு உயர்த்துகின்றன. இரு பக்கமும் சமமாகிவிடுவதால் விளக்கு அணைகிறது.

ஆகவே பளிச்சென்று எரிவதற்கும் மங்கலாக எரிவதற்கும் பொருள் வேறு. பளிச்சென்று எரிந்தால் டி பிளஸ் ஏறத்தாழ எர்த் அளவுக்கு இறங்கிவிட்டது, அதாவது உற்பத்தியே நின்றுவிட்டது. மங்கலாக எரிந்தால் உற்பத்தி நடக்கிறது, ஆனால் இரு முனைகளுக்கும் இடையே ஒன்றிரண்டு வோல்ட் பிசகு இருக்கிறது. இந்தப் பிசகு ஆல்டர்னேட்டருக்கு உள்ளே, அந்தச் சிறிய டயோடுகளில் ஒன்று போனதால் வரலாம். வெளியே, கேபிளிலோ சாவியிலோ வோல்ட் இழப்பு ஏற்படுவதாலும் வரலாம்.

ஜனவரி 9, மாலை

நேற்று எழுத விட்டுப்போனது. எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி, வண்டி நிற்காவிட்டால் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது என்று யாராவது சோதிக்க முன்வந்தால் கையைப் பிடித்துத் தடுத்துவிடுங்கள். அது டைனமோ காலத்துப் பழக்கம். ஆல்டர்னேட்டரில் பேட்டரி திடீரென்று விலகினால், ரோட்டாரின் காந்தப்புலம் அடங்குவதற்குள் வோல்ட் பல மடங்கு எகிறும். டயோடுகளும் ரெகுலேட்டரும் அத்தோடு போய்விடும். நன்றாக இருந்த ஆல்டர்னேட்டர் சோதனையால் கெட்டது என்பதை அதன் பிறகு நிரூபிக்கவும் முடியாது. மேலும், உங்களுடையது பழைய டீசல் எஞ்சின். இயந்திரப் பம்ப் உள்ள டீசல் எஞ்சின் ஓட மின்சாரமே பெரிதாகத் தேவையில்லை என்பதால் அந்தச் சோதனை உங்கள் வண்டியில் பொருளற்றதும்கூட.

ஜனவரி 11

என் பழைய வேனில் வந்ததையும் சொல்கிறேன், ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதிலும் விளக்கு நினைத்தபோது எரியும், நினைத்தபோது அணையும். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் ஆல்டர்னேட்டரின் பின்புறத்தை மெல்லத் தட்டினால் சார்ஜ் திரும்பிவிடும். கழற்றிப் பார்த்தபோது பிரஷ்களில் ஒன்று நன்றாக நீண்டிருந்தது. மற்றது கூட்டிலிருந்து சில மில்லிமீட்டர் மட்டுமே வெளியே எட்டிப் பார்த்தது. அதன் ஸ்பிரிங் முழுவதும் விரிந்து, தள்ளும் வலுவை இழந்திருந்தது. பிரஷ்கள் உரசும் ஸ்லிப் ரிங்கில் ஒரு வளையம் பளபளப்பாகவும், மற்றொன்று பொறி பறந்து கருத்துப் பள்ளம் விழுந்தும் காணப்பட்டது. பிரஷ் மாற்றி, வளையத்தை நுண்ணிய தாளால் தேய்த்து மாட்டியதோடு பிரச்சினை முடிந்தது.

இதைக் கேட்டுவிட்டு உடனே பிரஷ் வாங்கப் போய்விட வேண்டாம். அந்த வேனில் வேறொரு அறிகுறி முன்னதாகவே இருந்தது: எஞ்சின் ஓடாத நிலையில் சாவியைத் திருப்பும்போது விளக்கு சில நாள் எரியவே எரியாது. மேலே சொன்ன வழித்தடத்தைப் பாருங்கள். பிரஷ் தொடர்பை முழுதாக விட்டுவிட்டால் விளக்கின் மின்சாரத்துக்கு எர்த் போய்ச்சேரும் பாதையே இல்லை. அது எப்படிப் பளிச்சென்று எரியும்? தேய்ந்த பிரஷ் விளக்கை மினுக்கவைக்கும், மங்கவைக்கும், எரியவிடாமலும் செய்யும். திடமாகப் பளிச்சென்று எரியும் விளக்கு, பிரஷ்ஷுக்குச் சாதகமான சாட்சி. உங்கள் வண்டியில் சாவியைத் திருப்பியதும் விளக்கு எப்படி எரிகிறது என்று எழுதுங்கள்.

ஜனவரி 12

கேட்டவரின் பதில் வந்துவிட்டது. சாவி போட்டதும் விளக்கு ஒருநாளும் தவறாமல் பளிச்சென்று எரிகிறது. ஓட்டத்தில் மங்கலாக எரிவது இரவில், ஹெட்லைட்டும் புளோயரும் போட்டிருக்கும்போது மட்டும். பளிச்சென்று எரிவது பகலிலும் உண்டு. குலுங்கலில் வருகிறது, குலுங்கலில் போகிறது.

பகலில் மங்கல் விளக்கு கண்ணுக்குத் தெரியாமல் போவது இயல்பு என்பதால் "இரவில் மட்டும்" என்பதை அப்படியே நம்ப முடியாது. இருந்தாலும் சுமையோடு அது சேர்ந்து வருவது முக்கியமான தடயம்.

பெல்ட்டையும் இந்த இடத்தில் முடித்துவிடுவோம். ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் வி பெல்ட் புல்லியின் பக்கச் சுவர்களைப் பிடித்துத்தான் சுழல வேண்டும். பள்ளத்தின் அடியைத் தொடக்கூடாது. புல்லிப் பள்ளத்தின் அடி பளபளவென்று மின்னினால் பெல்ட் தேய்ந்து கீழே இறங்கிவிட்டது என்று பொருள். அதை எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும், கூடவே பேரிங்கும் போகும். இரு புல்லிகளுக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அமுங்குவது சரியான இறுக்கம். பெல்ட் வழுக்கல் பெரும்பாலும் ஸ்டார்ட் செய்தவுடனும் ஈரத்திலும் கீச்சிட்டுக்கொண்டு வரும். அரை மணி நேரம் பொறுத்திருந்து வராது. அடிப்பள்ளம் மங்கலாகத்தான் இருக்கிறது என்று அவர் எழுதியிருப்பதால் பெல்ட்டை விட்டுவிடலாம்.

ஜனவரி 14

இன்று செய்ய வேண்டியது வோல்ட் இழப்புச் சோதனை. இதை ஏன் பலர் செய்வதில்லை என்று எனக்கு விளங்கியதே இல்லை. ஒரு மல்டிமீட்டரும் ஐந்து நிமிடமும் போதும்.

எஞ்சினைச் சூடாக்கி, ஹெட்லைட், புளோயர் எல்லாவற்றையும் போட்டு, ஆக்சிலரேட்டரைச் சற்று உயர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் பி பிளஸ் போல்ட்டின் மேலும், மறு முனையைப் பேட்டரியின் பிளஸ் முனையின் மேலும் வையுங்கள். வைக்க வேண்டியது கேபிளின் லக் (அதன் முனையில் நெரித்த உலோக வளையம்) மேல் அல்ல, போல்ட்டின் உலோகத்தின் மேலேயே. லக்கில் வைத்தால் போல்ட்டுக்கும் லக்குக்கும் இடையிலுள்ள இழப்பு கணக்கில் வராமல் போய்விடும். கால் வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பாதையில் தடை இருக்கிறது. அதேபோல ஆல்டர்னேட்டரின் உடலுக்கும் பேட்டரி மைனஸ்ஸுக்கும் இடையே அளவெடுங்கள்; அங்கே இன்னும் குறைவாக இருக்க வேண்டும்.

ஜனவரி 14, இரவு

எண்கள் வந்துவிட்டன. எர்த் பக்கம் 0.05 வோல்ட்; குறையில்லை. பிளஸ் பக்கம் 0.9 வோல்ட். கிளாம்ப் மீட்டரில் அந்தக் கேபிளில் ஓடிய மின்னோட்டம் 30 ஆம்பியர்.

பெருக்கிப் பாருங்கள்: 27 வாட் வெப்பம் கேபிளின் ஏதோ ஓரிடத்தில் வீணாகிக்கொண்டிருக்கிறது. இடத்தைக் கண்டுபிடிக்க மீட்டர்கூட வேண்டாம். எஞ்சினை நிறுத்திவிட்டு இரு முனை லக்குகளையும் தொட்டுப் பார்த்தால் ஒன்று கையைச் சுடும். லக்கின் கழுத்தில் வயர் நுழையும் இடத்தில் மேலுறையைச் சிறிது வெட்டிப் பாருங்கள். நல்ல செம்பு ஆரஞ்சு நிறத்தில் மின்னும்; உள்ளே ஈரம் ஏறிய செம்பு கருப்பாகவும் பச்சையாகவும் பொடிந்து வரும். அதற்கு மேல் சாலிடர் ஒட்டாது, புதிய லக் போட்டு நெரித்தாலும் நிற்காது. நல்ல செம்பு வரும் வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும், அல்லது கேபிளை முழுதாக மாற்ற வேண்டும்.

மங்கல் விளக்கின் கதை இத்தோடு விளங்குகிறது. உங்கள் ரெகுலேட்டர் கண்காணிப்பது தன் சொந்த டி பிளஸ்ஸை மட்டும்தான். பேட்டரிக்கு என்ன போய்ச்சேர்கிறது என்பது அதற்குத் தெரியாது. அது 14.2 என்று நிறுத்திக்கொள்ள, பேட்டரிக்குக் கிடைப்பது 13.3. அங்கிருந்து சாவி வழியாக விளக்குக்கு வருவதற்குள் இன்னும் கொஞ்சம் கரைந்துவிடும். விளக்கின் இரு முனைகளுக்கும் இடையே ஒன்றரை வோல்ட் அளவுக்குப் பிசகு. இருட்டில் இழை சிவப்பது தெரியும். சுமை இல்லாதபோது மின்னோட்டம் குறைவு, இழப்பும் குறைவு என்பதால் பட்டறையில் 14.2 வந்தது. காலையில் ஸ்டார்ட்டர் முனகுவதும் இதனால்தான், இரவெல்லாம் 13.3 வோல்ட்டில் ஓடும் பேட்டரி ஒருபோதும் முழுதாக நிறைவதில்லை.

ஒரு கிளைச் செய்தி. இதே சோதனையில் எர்த் பக்கம் இழப்பு வந்திருந்தால், எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையைப் பார்த்திருக்க வேண்டும். அது அறுந்த வண்டிகளில் மின்சாரம் கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் என்று கிடைத்த உலோகத்தின் வழியாகத் திரும்பும். கேபிளின் உறை உருகி, கிளட்ச் இறுகியது என்று வேறு யாரிடமோ காட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஜனவரி 15

லக்கை மாற்றியாகிவிட்டது, இழப்பு 0.12 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டது, இனி கவலையில்லை என்று கேட்டவர் மகிழ்ந்து எழுதியிருக்கிறார். நான் மகிழவில்லை. 0.9 வோல்ட் இழப்பு மங்கல் விளக்கை விளக்குகிறதே தவிர, பகலில் குலுங்கலில் வரும் பளிச் விளக்கை விளக்கவே இல்லை. இந்த வயதுள்ள வண்டியில் இரண்டு பழுதுகள் ஒரே விளக்கைப் பயன்படுத்திக்கொள்வது அபூர்வம் அல்ல. ஒன்றைச் சரிசெய்ததும் அறிகுறி குறைவதால், மற்றது மீண்டும் தலைகாட்டும்போது "செய்த வேலை சரியில்லை" என்று தோன்றும். செய்த வேலை சரிதான், எஞ்சியிருப்பது வேறு பழுது.

இரண்டாவதைப் பிடிக்க மீட்டர் வண்டிக்குள் உட்கார வேண்டும். டி பிளஸ் முனையிலிருந்து ஒரு மெல்லிய வயரைத் தனியாக இழுத்து, முனையிலேயே ஒரு ஆம்பியர் ஃபியூஸ் போட்டு, ஓட்டுநர் இருக்கைப் பக்கம் கொண்டுவாருங்கள். ஃபியூஸ் கட்டாயம், இந்த வயரே எங்காவது உரசி எர்த் ஆனால், தேடும் பழுதை நாமே வண்டியில் பொருத்தியவர்கள் ஆவோம். மீட்டரின் மறு முனை பேட்டரி மைனஸ்ஸில் இருக்கட்டும். குறைந்தபட்ச அளவைப் பதிந்துவைக்கும் வசதி மீட்டரில் இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். ஓட்டும்போது மீட்டரைப் படிப்பது அருகில் இருப்பவரின் வேலை.

ஓட்டத் தொடங்கும் முன் ஓர் அளவு வேண்டும்: சாவி போட்டு, எஞ்சின் ஓடாமல், விளக்கு எரியும்போது டி பிளஸ்ஸில் எவ்வளவு? ரோட்டாரையும் ரெகுலேட்டரையும் கடந்து போவதால் அங்கே பூஜ்ஜியம் இருக்காது. பொதுவாக ஒன்று முதல் இரண்டு வோல்ட் வரை நிற்கும். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், அதுதான் நமக்கு அளவுகோல்.

ஜனவரி 16

ரோட்டார் சுருளைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். சூட்டில் மட்டும் துண்டிக்கும் ரோட்டார் உண்டு. சுருளின் முனை ஸ்லிப் ரிங்கில் சாலிடர் செய்யப்பட்ட இடத்தில் வெடிப்பு இருந்தால், சூடேறி விரியும்போது திறந்துகொள்ளும், ஆறினால் சேர்ந்துகொள்ளும். ஆறிய ஆல்டர்னேட்டரை மேசையில் சோதித்தால் தேறிவிடும். ஓம் அளவெடுப்பவர்கள், செம்பின் தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் ஏறும் என்பதை நினைவில் வையுங்கள். 20 டிகிரியில் 4 ஓம் இருந்தது 100 டிகிரியில் 5 ஓமைத் தாண்டிவிடும், அது கோளாறு அல்ல. இங்கே கேட்டவருக்கு இது பொருந்துமா என்றால், பிரஷ்ஷுக்குச் சொன்ன காரணமே இதற்கும்: சுருள் துண்டித்தால் விளக்குக்கு எர்த் இல்லை, அது பளிச்சென்று எரியாது.

ஜனவரி 20

பிடிபட்டது. சாவி போட்ட நிலையில் அவருடைய அளவு 1.4 வோல்ட். ஓட்டத்தில் 14.2, 14.1 என்று நின்ற மீட்டர், விளக்கு பளிச்சென்று எரிந்த நொடியில் 0.02 காட்டியிருக்கிறது.

பெல்ட் அறுந்து உற்பத்தி நின்றிருந்தாலும், ரெக்டிஃபயர் (பேட்டரிக்கு மின்சாரம் அனுப்பும் பெரிய டயோடுகளின் தொகுப்பு) கைவிட்டிருந்தாலும், விளக்கின் மின்சாரம் ரோட்டார் வழியாகப் போய் மீட்டர் 1.4க்கு அருகில் வந்து நின்றிருக்கும். 0.02 என்றால் ரோட்டாரைத் தொடாமலேயே டி பிளஸ் நேராக எர்த்தைத் தொடுகிறது. அதாவது, அந்த மெல்லிய வயர் எங்கோ உறை தேய்ந்து, குலுங்கும்போது உலோகத்தில் படுகிறது. பட்டவுடன் ரோட்டாருக்குப் போக வேண்டிய மின்சாரம் எல்லாம் எர்த்துக்குப் போய்விடுகிறது. காந்தம் அடங்கி, சார்ஜ் நின்று, விளக்கு முழு வெளிச்சத்தில் எரிகிறது. மற்றொரு குலுங்கலில் விலகியதும் எல்லாம் இயல்பாகிறது. வயர் அறுந்திருந்தால் விளக்கு எரிந்தே இருக்காது என்பதால் அறுதலைத் தேட வேண்டாம், உரசலைத் தேடுங்கள்.

ஆல்டர்னேட்டரைக் கழற்றிச் சோதித்தவர்களைக் குறை சொல்ல முடியாது. லக், வயர் இரண்டுமே மேசைக்குப் போகாமல் வண்டியிலேயே தங்கிவிட்டவை.

அரை மணி நேரக் கணக்கு என்னை உறுத்திக்கொண்டே இருந்தது; சூட்டைத் தேடச் சொன்னது அதுதான். வழக்கமாகப் போகும் பாதையில் அரை மணி நேரத்தில் என்ன வருகிறது என்று கேட்டேன். நெடுஞ்சாலை முடிந்து கரடுமுரடான சாலை தொடங்குகிறதாம்.

ஜனவரி 22

பேட்டரித் தட்டின் கீழ்விளிம்பில்தான். வயர்க்கட்டைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் கிளிப் எப்போதோ உடைந்து, கட்டு விளிம்பின் மேல் சாய்ந்திருக்கிறது. மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. டேப் சுற்றிய கட்டை விரலால் திருப்பிய பிறகுதான் அடிப்பக்கம் அரைத்துத் திறந்திருந்ததும், டி பிளஸ்ஸின் நீல வயரில் அரை மில்லிமீட்டர் அகலத்துக்குச் செம்பு தெரிந்ததும் கண்ணில் பட்டிருக்கின்றன. எதிரே தட்டின் விளிம்பில் பெயிண்ட் போய், ஊசிமுனை அளவில் கரும்புள்ளி. அதே கட்டில் பக்கத்து வயர்களின் உறை இன்னும் தாங்குகிறது. இல்லாவிட்டால் வேறு விதமான கேள்வி வந்திருக்கும்.

டேப் சுற்றி மட்டும் விட்டுவிடாதீர்கள். எஞ்சின் அறைச் சூட்டில் பசை இளகி டேப் நழுவிவிடும். அந்தத் துண்டை வெட்டி நீக்கி, சாலிடர் செய்து, வெப்பத்தில் சுருங்கும் உறை போட்டு, கட்டு முழுவதையும் நெளிவுக் குழாய்க்குள் விட்டு, புதிய கிளிப்பால் விளிம்பிலிருந்து விலக்கிக் கட்டுங்கள். தட்டின் விளிம்பிலும் ரப்பர் ஓரப்பட்டை ஒன்று செருகிவிடுங்கள்.

அடுத்தடுத்து எர்த் ஆனதில் உள்ளிருக்கும் மூன்று சிறிய டயோடுகள் அடி வாங்கியிருக்கலாம். எர்த் ஆனதுமே உற்பத்தியும் அடங்கிவிடுவதால் தப்பியிருக்கவே வாய்ப்பு அதிகம், ஆயினும் பார்த்துவிடலாம். சுமையோடு எஞ்சின் ஓடும்போது பி பிளஸ்ஸையும் டி பிளஸ்ஸையும் தனித்தனியே அளந்து ஒப்பிடுங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். பேட்டரி முனைகளில் மீட்டரை ஏசி அளவுக்கு மாற்றியும் பாருங்கள். அரை வோல்ட்டை நெருங்கினால் பெரிய டயோடுகளில் ஏதோ ஒன்று போயிருக்கிறது. மலிவான சில மீட்டர்கள் ஏசி அளவில் டிசியையும் சேர்த்துப் படித்து 25, 28 என்று உளறும். எஞ்சினை நிறுத்தி அதே இடத்தில் அளக்கும்போதும் அப்படியே காட்டினால் அந்த மீட்டர் இந்த வேலைக்கு உதவாது.

ஜனவரி 23

இன்னும் ஒன்று இருக்கிறது. புதிய பேட்டரி இத்தனை நாளும் அரைகுறைச் சார்ஜில் கிடந்திருக்கிறது. தகடுகளில் சல்பேட் படிந்திருக்கும். ஆல்டர்னேட்டர் இனி நிறைத்துவிடும் என்று விடாமல், ஒருமுறை கழற்றித் தனிச் சார்ஜரில் குறைந்த மின்னோட்டத்தில் முழு இரவு போடுங்கள். மாட்டும் முன், சாவி எடுத்த வண்டியில் பேட்டரி மைனஸ் முனைக்கும் மைனஸ் கேபிளுக்கும் நடுவே மீட்டரை வைத்து மின்கசிவையும் அளந்துவிடலாம். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் போதும். அதுவே நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர் மணியைத் தின்றுவிடும். கடிகாரமும் ரேடியோவும் தவிர வேறொன்றும் இல்லாத வண்டியில் அதைவிட அதிகம் வந்தால், முதலில் டிக்கி விளக்கின் சுவிட்சைப் பாருங்கள்.